ஆடிக் கொடைக்கு வேட்டுப் போடுவாவ, அண்ணனை என்ன செய்ய?

களக்காட்டு வாழை (இழையைத் தொடங்கியவர்)

எங்க ஊர் களக்காட்டுக்குப் பக்கம். ஆடி கடைசிச் செவ்வாய் அம்மனுக்குக் கொடை. இந்த வருஷம் வரி நல்லா பிரிஞ்சிருக்கு, வேட்டுக்கு மட்டும் தனியா ஒரு தொகை ஒதுக்கியிருக்காவ. அதுதான் எனக்கு இப்ப கவலை.

அண்ணன் 2018 மே 22 அன்னைக்கு, ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடியில கலெக்டர் ஆபீஸுக்குப் போன கூட்டத்துல இருந்தாவ, போலீஸ் சுட்டுச்சே, அதுல. அப்ப துறைமுகத்துப் பக்கம் வேலை. மேல ஒரு கீறல் கிடையாது. பக்கத்துல நடந்து வந்த ஆளு விழுந்ததைப் பாத்துருக்காவ. எங்களுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான், அதுக்கு மேல அவிய வாயைத் திறந்ததில்ல. அந்த வருஷமே வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து வாழைத்தார் ஏவாரம் பாக்காவ.

ஏவாரம் நல்லாத்தான் நடக்கு. ஆனா எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலைப் பாத்துத்தான் உக்காருவாவ. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு முற்றத்துல நடப்பாவ. போன மாசம் மார்க்கெட்ல லாரி டயர் வெடிச்சது. தராசுல தார் தொங்குது, ஆளைக் காணோம். சாயங்காலம்தான் வந்தாவ, எங்க போனேன்னு அவியளுக்கே சொல்லத் தெரியல. தீவாளிக்கு வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி மலைப்பக்கம் போயிருவாவ.

கொடைக்குப் போகாம இருக்க முடியாது. எங்க வகையறாவுக்குப் படைப்பு உண்டு, அண்ணன்தான் மூத்தவாவ. அண்ணனோட பொண்டாட்டி, எங்க மைனி, "நீயே ஒரு வழி சொல்லு"ங்காவ. இப்படி வீட்ல ஆள் இருக்கிறவங்க என்ன பண்ணுதிய?

பொருநைத் தண்ணி

தம்பி, தப்பா நினைக்காதீங்க. ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு. குண்டு பட்டவனே எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டான். நாமதான் பொத்திப் பொத்தி வச்சு ஆளைக் கெடுக்கோம். சாமக்கொடையில அம்மன் முன்னால கொண்டு நிறுத்துங்க, திருநீறு போடச் சொல்லுங்க, நாலு வேட்டுச் சத்தம் காதுல விழுந்தா பயம் தெளிஞ்சிரும். எங்க ஊர்ல பயந்தவங்களுக்கு எல்லாம் இதான் வைத்தியம்.

பாளை சிஸ்டர்

மனநலப் பிரிவில் ரொம்ப காலம் நர்ஸாக இருந்தேன், இப்போது ஓய்வு. பொருநைத் தண்ணி அண்ணாச்சிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஒரு சம்பவத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் சாதாரணம். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாசம் தாண்டியும் அடங்காவிட்டால்தான் டாக்டர்கள் அதைப் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய், என்று எழுதுவார்கள். சிலருக்கு ஆறு மாசம் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு தலைகாட்டும். ஏழு வருஷம் என்பது எனக்கு ஆச்சரியமே இல்லை. அதைவிடப் பழையதை எல்லாம் வார்டில் பார்த்தாயிற்று.

காயம் பட்டிருந்தால்தான் வரும் என்பதும் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டை நம் டாக்டர்களும் புரட்டுவதுண்டு. சாவின் விளிம்புக்குத் தானே போய் வந்தவர், அடுத்தவருக்கு நடந்ததை நேரில் நின்று பார்த்தவர், நெருங்கிய சொந்தத்துக்கு அப்படி நடந்ததைக் கேள்விப்பட்டவர், ஆம்புலன்ஸ்காரர் மாதிரி வேலை நிமித்தமாகத் திரும்பத் திரும்ப அதில் கிடப்பவர் என்று எல்லோரையும் அதில் சேர்த்தே சொல்லியிருக்கிறது. பார்த்தவர் என்றால் ஒரு படி குறைவு என்று அதில் இல்லை.

வாசலைப் பார்த்து உட்காருவது, ராத்திரி நடப்பது, தராசை விட்டுவிட்டுப் போனது, தீபாவளிக்கு ஊரை விட்டுப் போவது எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. அந்த நிமிஷம் முடிந்துபோனது என்று அவர் உடம்பு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் கேட்டால் இப்போதே நடக்கிறது என்று கால் கிளம்பிவிடும். "பயப்படாதே" என்று புத்தி சொல்லி முடிப்பதற்குள் ஆள் தெருமுனையில் இருப்பார். இதில் தைரியத்துக்கு வேலையே இல்லை.

பயத்தை எதிர்கொள்ள வைக்கிற சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது, அண்ணாச்சி சொன்னதில் அந்த அளவுக்குச் சரி. ஆனால் அதில் எவ்வளவு, எப்போது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் நோயாளியும் சிகிச்சை கொடுப்பவரும் பேசி வைத்துக்கொள்வது. வாரம் ஒரு தடவை என்று 8 முதல் 12 தடவை வரை உட்கார வேண்டியிருக்கும், சிலருக்குக் கூடும். சொல்லாமல் கொள்ளாமல் இழுத்துக்கொண்டு போய் அதிர்வேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், அடுத்த கொடைக்கு அவர் தெருவுக்கே வரமாட்டார்.

திருநீறு தாராளமாகப் போடுங்கள். எனக்கு அதில் சண்டை கிடையாது. டாக்டரிடமும் போங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மேலப்பாளையத்தான்

எங்க மச்சான் ஒருத்தர் நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்ல இருக்கார். 2019 மார்ச் 15, ரெண்டு பள்ளிவாசல்ல ஜும்மா நேரம் பாத்துச் சுட்டதுல 51 பேர் மௌத் ஆன ஊரு அது. மச்சான் அன்னைக்கு லேட்டாப் போனவர், தெருமுனையிலேயே நின்னுட்டார்.

அவர் சொல்லித்தான் ஒரு சங்கதி தெரியும். அந்த நாட்டுல விபத்து, காயம் எதுக்கும் அரசாங்கமே செலவைப் பாக்கிற திட்டம் ஒண்ணு இருக்கு, உலகமே மெச்சுற திட்டம். ஆனா அதுல மனசுக் காயத்துக்குக் காசு வேணும்னா, கூடவே உடம்புலயும் காயம் இருக்கணும். வேலையில இருக்கும்போது பாத்தவங்க, பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க மாதிரி சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. தொழப் போனவன் அந்த விலக்குல வரமாட்டான். ஒரே சஃப்ல, அதாவது ஒரே வரிசையில, நின்னு தொழுதவங்கள்ல கால்ல குண்டு பட்டவர் அதுல வந்துருவார், செத்தவங்க மையித்துக்கு அடியில கிடந்து தப்பிச்சவர் வரமாட்டார். அதை மாத்தணும்னு அங்க பெரிய பேச்சே நடந்துச்சு.

அவ்வளவு வசதியான நாட்டுலயே பாத்தவன் கணக்குல வரலன்னா, களக்காட்டுல யாரு வந்து கேக்கப் போறா உங்க அண்ணனை?

முத்துநகர் வாசி

இங்கேயும் அப்படித்தான். அந்த மே 22, 23 ரெண்டு நாள்ல 13 பேர் போயிட்டாங்க. செத்தவங்க குடும்பத்துக்கு 20 லட்சம், பலத்த காயத்துக்கு 5 லட்சம், லேசான காயத்துக்கு ஒன்றரை லட்சம்னு அரசு அறிவிச்சுது. அந்தப் போராட்டத்துல கைதாகி உடம்பாலயும் மனசாலயும் கஷ்டப்பட்ட 93 பேருக்குத் தலா 1 லட்சம்னு 2021 மே மாசம் ஒரு உத்தரவு வந்தது. மனசு என்கிற சொல்லு சர்க்கார் பேப்பர்ல ஏறினதை நான் அப்பதான் பாத்தேன். ஆனா அதுக்கும் கைதாகியிருக்கணும்.

கூட்டத்துல நின்னு பாத்துட்டு, செருப்பை விட்டுட்டு வீட்டுக்கு ஓடினவங்க எத்தனை ஆயிரம் பேர்? அதுல வேடிக்கை பாக்க வந்த பிள்ளைங்க எத்தனை? ஒரு நபர் ஆணைய அறிக்கை 2022 அக்டோபர்ல சட்டசபையில வச்சாங்க. யாரு சுட்டா, யாரு சொல்லிச் சுட்டாங்கற கேள்வி பெரிய கேள்வி, அது கேக்கப்பட வேண்டியதுதான். என் பக்கத்து வீட்டு அம்மா இன்னும் மூணாவது மைல் பக்கம் பஸ்ல போறப்ப முந்தானையால மூஞ்சியை மூடிக்கிறாங்களே, அதைக் கேக்க எந்த ஆணையமும் கிடையாது.

டல்லாஸ் மக்கா

சொந்த ஊர் வள்ளியூர், இப்ப இருக்கிறது டெக்சாஸ்ல. இங்க ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு ஊரே வாணம் விடும். போருக்குப் போய் வந்தவங்க சில பேர் வீட்டு வாசல்ல ஒரு போர்டு நட்டு வச்சிருப்பாங்க: இங்க முன்னாள் படைவீரர் இருக்கார், வெடி போடும்போது கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னு. வெடிக்காதேன்னு யாரும் சொல்லல. எதிர்பாராம வர்ற சத்தம்தான் ஆளைத் தூக்கிப் போடுமாம். கொடை கமிட்டிகிட்ட நேரத்தைக் கேட்டு வாங்க முடியுமா பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 2017 அக்டோபர் 1 லாஸ் வேகாஸ் கச்சேரியில மேல ஓட்டல்ல இருந்து சுட்டான் ஒருத்தன். கச்சேரிக்கு வந்திருந்தது இருபதாயிரம் பேருக்கு மேல. அதுல தப்பிச்ச சில பேர் மறு வருஷம் நவம்பர்ல கலிபோர்னியாவுல ஒரு பார்ல ஆட்டம் பாட்டம்னு மனசைத் தேத்திக்கப் போன இடத்துலயும் துப்பாக்கிச் சூடு. முதல் தடவை தப்பிச்சவர்ல ஒருத்தர் அங்க செத்துப்போனார். இங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லயே ஒளிஞ்சுக்கப் பழக்குறாங்க. என் மக ஆறு வயசுல, விளக்கை அணைச்சுட்டு அலமாரிக்குப் பின்னால சத்தம் போடாம இருக்கணும்னு சொல்லிக்காட்டினா. ஒண்ணும் நடக்காத ஸ்கூல் அது. எனக்கு அன்னைக்குத் தூக்கம் இல்ல.

களக்காட்டு வாழை

எல்லாருக்கும் நன்றி. சிலது விட்டுப்போச்சு, சொல்லுதேன்.

முதல் வருஷம் ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் போனோம், உவரி அந்தோனியார் கோயிலுக்கும் போனோம். அம்மா நேர்ந்துக்கிட்டா. உவரியில கடலைப் பாத்து ரெண்டு நாள் நல்லா உறங்குனாவ, அதையும் சொல்லணும். அப்புறம் தனியார் டாக்டர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை ரெண்டு வாரம் போட்டுட்டு, பகல்ல தலை கிறுகிறுன்னு வருதுன்னு விட்டுட்டாவ.

குடி முன்னால கிடையாது. இப்ப சனிக்கிழமை தவறாது. மைனிக்கு அதுதான் பெரிய வருத்தம், வேட்டு எல்லாம் அவளுக்கு ரெண்டாம்பட்சம்.

ஒரு சந்தேகம். எங்க சித்தப்பா "எல்லாத்தையும் ஒரு தடவை உக்காந்து கொட்டச் சொல்லு, சரியாயிரும்"ங்காவ. கொட்ட வைக்கவா?

பாளை சிஸ்டர்

வேண்டாம். சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். உலகம் முழுக்க ஒரு காலத்தில் அதையே செய்தார்கள். சம்பவம் நடந்த ஓரிரு நாளில் எல்லோரையும் உட்காரவைத்து ஆதியோடு அந்தமாகச் சொல்ல வைப்பார்கள், ஒரே ஒரு தடவை. பிறகு ஆராய்ந்து பார்த்ததில் அது நோய் வராமல் தடுக்கவில்லை, சிலருக்குக் கூட்டியும்விட்டது. இப்போது அதைச் செய்யக்கூடாது என்றே வழிகாட்டுதல் இருக்கிறது. அண்ணனாக வாயெடுத்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். கேள்வி கேட்டுத் தோண்டாதீர்கள். "நீ ஏன் ஓடின, அவரைத் தூக்கியிருக்கலாமே" என்று மறந்தும் யாரும் சொல்லிவிடக் கூடாது. அதை அவரே தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

தூக்க மாத்திரை பற்றி: இந்த நோய்க்கென்று கொடுக்கிற மாத்திரை வேறு. செர்ட்ராலின், பராக்செடின் மாதிரி. அது பிடிக்க வாரக்கணக்கில் ஆகும், ரெண்டு நாளில் பலன் தேடக் கூடாது. உடனே தூங்க வைக்கிற வகை மாத்திரை பழகிவிடும், மூல நோயைத் தொடாது. எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், கடையில் கேட்டு வாங்காதீர்கள். குடியையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முக்கால்வாசி வீட்டில் அது தூங்குவதற்காகத் தொடங்கியதாகத்தான் இருக்கும்.

எங்கே போவது என்றால், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிக்கே டாக்டர் வருகிற நாளும் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் 14416. டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு எண், இலவசம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதல் தடவை மைனியே பேசலாம், அண்ணன் பேச வேண்டும் என்று இல்லை.

நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஒரு தீவில் முகாமுக்குப் போன பிள்ளைகளை ஒருவன் சுட்டான், 69 பேர் இறந்தார்கள். தப்பித்தவர்கள் நாட்டின் எல்லா மூலைக்கும் வீடு திரும்பினார்கள். அரசு என்ன செய்தது என்றால், அந்தந்த ஊர் நிர்வாகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொடர்பு ஆளை வைத்து, குறைந்தது ஒரு வருஷம் அவர்களே தேடிப்போய் விசாரிக்க வேண்டும் என்று சொன்னது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவான் என்று காத்திருக்கவில்லை. தவிர்ப்பதே இந்த நோயின் குணம், அவர் எப்படித் தானாக வருவார்? நம்மிடம் கிராமச் செவிலியர் இருக்கிறார், அங்கன்வாடி இருக்கிறது, ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. விசாரிக்கிற வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை, அதுதான் குறை.

கொக்கிரகுளம்

நான் இங்கே எழுதுவது அபூர்வம். துப்பாக்கி பற்றி எனக்குத் தெரியாது. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லைக் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தைத் தடியடி கொண்டு கலைத்த அன்றைக்கு நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன், வேறு வேலையாக வந்தவன். ஜனம் தாமிரபரணி ஆற்றில் இறங்கியது. 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று.

அதன் பிறகு ஆற்றில் குளித்ததில்லை. தைப்பூசத்துக்கு வீட்டில் எல்லோரும் படித்துறைக்குப் போவார்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வருஷா வருஷம் ஜூலை 23 அன்று மாலையோடு ஆட்கள் வந்து ஆற்றில் பூப் போடுகிறார்கள். செத்தவர்கள் ஆட்கள், கட்சிக்காரர்கள். நானும் ஒரு வருஷம் பக்கத்துத் தெருவரை போனேன். நான் யார் என்று சொல்லிக்கொண்டு அங்கே நிற்பது என்று தெரியவில்லை.

சிஸ்டர், இருபத்தைந்து வருஷம் தாண்டினதுக்கும் அந்த நம்பர் எடுப்பார்களா?

பாளை சிஸ்டர்

எடுப்பார்கள் அண்ணாச்சி. வருஷக் கணக்குக் கேட்டுத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இன்றைக்கே பேசுங்கள்.

வேட்டுக்காரர் வீட்டுப் பையன்

எங்க அப்பா கொடைக்கு வேட்டுப் போடுறவர், மானூர்ப் பக்கம். தொழில்காரனா சொல்லுதேன்.

கொடை வேட்டு சும்மா இஷ்டத்துக்குப் போடுறது இல்ல. குடியழைப்புக்கு, மதியக் கொடைக்கு, சாமக்கொடைக்கு, சாமி வேட்டைக்குப் போகும்போது, திரும்பும்போது. இதுதான் கணக்கு. கமிட்டி சொன்னா நாங்க மைக்ல "வேட்டு வருது"ன்னு சொல்லிட்டுத் திரி வைப்போம், சில ஊர்ல கைக்குழந்தைக்காரங்க கேட்டு ஏற்கெனவே அப்படிச் செய்யுதோம். குழாயை ஊருக்கு வெளிய குளத்தங்கரையில நட்டா சத்தம் கேக்கும், ஆனா நெஞ்சுல அதிராது. அதுக்கு நீங்க கால்நாட்டுக்கு முன்னாலயே பேசணும், வேட்டுக்காரர் வந்து இறங்கின பெறகு பேசினா நடக்காது.

உங்க அண்ணனை உண்மையில தொந்தரவு பண்ணப்போறது எங்க வேட்டு இல்ல. சின்னப் பயலுவ பையில வச்சுக்கிட்டு மூலைக்கு மூலை கொளுத்துற சிவகாசி வெடி. அதுக்கு நேரமே கிடையாது.

பொருநைத் தண்ணி

சரி, வேட்டு நேரத்தைச் சொல்றதுல எனக்கு மறுப்பு இல்ல. மாத்திரைதான் இன்னும் ஒத்துக்க முடியல. போனைத் திறந்தா தூத்துக்குடியில சுட்ட அந்த வீடியோ இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, மே மாசம் ஆனா நாலு குரூப்ல வரும். அதை நிறுத்தாம மாத்திரை தின்னு என்ன ஆகப் போகுது?

முத்துநகர் வாசி

இதுல நான் அண்ணாச்சி கட்சி. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவுல ஒரு ஆய்வு செஞ்சாங்க. அந்த வாரம் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல அதே செய்தியைப் பாத்துக்கிட்டு இருந்தவங்களுக்கு, சம்பவ இடத்துல இருந்தவங்களைவிட அதிர்ச்சி அறிகுறி கூடுதலா இருந்துச்சு. நினைவு நாளுக்கு அஞ்சலி போடுங்க, படம் போடுங்க. சுடுற வீடியோவைப் போடாதீங்க. அந்தக் குரூப்ல அன்னைக்கு அங்க நின்னவனும் இருப்பான்.

களக்காட்டு வாழை

ஒரு வாரம் கழிச்சு எழுதுதேன். மைனி அந்த நம்பருக்குப் பேசினா. அவ அழுது முடிக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு போனை வைக்கலயாம். அண்ணன் இன்னும் பேசல, ஆனா நம்பரைத் தன்னோட கணக்கு நோட்டுல எழுதி வச்சிருக்காவ. நான் பாத்தேன்.

கமிட்டியில ஒரே ரகளை. "ஒரு ஆளுக்காக அம்மன் வேட்டை மாத்தவா"ன்னு ரெண்டு பேர். மைக்ல சொல்லிட்டுப் போடுறதுக்கு மட்டும் சம்மதிச்சிருக்காவ. குளத்தங்கரைக்கு மாத்துறது அடுத்த வருஷம் பாப்போம்னுட்டாவ. பயலுவ வெடிக்கு யாரும் பொறுப்பு ஏக்கல. அண்ணன்கிட்ட நேர் நேரா கேட்டேன். மதியக் கொடைக்கு நின்னு படைப்பு வச்சிட்டு, சாமத்துக்கு முன்னால அம்பாசமுத்திரத்துல அக்கா வீட்டுக்குப் போறேன்னாவ. மூத்தவன் சாமத்துல இல்லன்னா பேச்சு வரும்னு அம்மா சொன்னா. "வரட்டும்"னாவ.

பழைய ஆயுதப்படை

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். போலீஸ் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊர் சம்பவம் இல்லை, வேறு ஒரு ஊரில், வேறு ஒரு வருஷம். வரிசையில் நின்றேன். உத்தரவு வந்தது. என் துப்பாக்கிக் குண்டு யார் மேலாவது பட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருகிறேன். என் போன்றவன் அந்த நம்பருக்குப் பேசலாமா?

முத்துநகர் வாசி

உங்களுக்குப் பென்ஷன் வருது சார். எங்க தெருவுல ஒரு அம்மாவுக்குப் பிள்ளை வரல. இந்த இழையில உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னால முடியாது.

பாளை சிஸ்டர்

பேசலாம். 1980-ல் இந்த நோய்க்குப் பெயர் வைத்துக் கையேட்டில் சேர்த்ததற்கு முக்கியக் காரணமே வியட்நாமில் துப்பாக்கி பிடித்துவிட்டு வந்தவர்கள்தான். சிகிச்சைக்கு உட்காருகிற இடத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்ற விசாரணை கிடையாது. அந்த விசாரணை நடக்க வேண்டிய இடம் வேறு, அங்கே அது நடந்தே ஆக வேண்டும். முத்துநகர் தம்பி கோபத்தையும் நான் தவறென்று சொல்லமாட்டேன்.

களக்காட்டு வாழை

சார், நீங்க எழுதினதை அண்ணனுக்குக் காட்டலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். காட்டல. இப்ப அவியளுக்கு அது வேண்டாம்.

நம்பர் 14416. ராத்திரியில சீக்கிரம் கிடைக்குதுன்னு மைனி சொல்லுதா. பேசிட்டு வந்து இங்க ஒரு வரி எழுதுங்க.